ஒரு பிஎன்ஆருக்கு ஒரு ரூம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பக் ரிப்போர்ட்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

2020 ஜூலை 21. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்லேர்ந்து ஸ்பெயினோட மயோர்கா தீவுக்கு ஒரு டியூஐ ஏர்வேஸ் விமானம் கிளம்புது. போயிங் 737, உள்ளே 187 பயணிகள். எந்த விமானமா இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி பைலட் கைக்கு லோட் ஷீட்னு ஒண்ணு வரும். ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்த்து மொத்த எடை இவ்வளவுன்னு அதுல இருக்கும். இன்ஜினுக்கு எவ்வளவு த்ரஸ்ட் கொடுக்கணும், எந்த வேகத்துல மூக்கைத் தூக்கணும்னு அந்த நம்பரை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. அன்னைக்கு ஷீட்ல இருந்த எடை, உண்மையான எடையை விட 1,244 கிலோ கம்மி. கிட்டத்தட்ட ஒரு காரோட எடை.

எங்கே போச்சு அந்த 1,244 கிலோ? பிரிட்டனோட விமான விபத்து விசாரணைப் பிரிவு 2021 ஏப்ரல்ல ரிப்போர்ட் வெளியிட்டாங்க. விஷயம் இதுதான். செக்-இன் சாஃப்ட்வேரை புதுசா அப்டேட் பண்ணியிருக்காங்க. அதை எழுதின நாட்டுல 'மிஸ்'னா சின்னப் பொண்ணு, 'எம்எஸ்'னா வளர்ந்த பொண்ணு. அதனால 'மிஸ்'னு டைட்டில் போட்ட எல்லாரையும் சிஸ்டம் குழந்தைன்னு எடுத்துக்கிச்சு. ஒரு வயசு வந்த பெண்ணுக்கு அவங்க வச்சிருந்த சராசரி எடை 69 கிலோ. குழந்தைக்கு 35. அந்த ஒரு விமானத்துல மட்டும் 38 பெண்கள் குழந்தையா மாறிட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, பிரச்சினை சில நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தது. ஸ்டாஃப் கையால ஒவ்வொண்ணா திருத்திட்டு இருந்தாங்க. அன்னைக்கு விட்டுப்போச்சு. நல்லவேளை, விமானத்துக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ரிப்போர்ட்ல அதை 'கடுமையான சம்பவம்'னுதான் வகைப்படுத்தியிருக்காங்க.

எங்க டீம்ல இதை யாருக்கு அனுப்பினாலும் முதல்ல சிரிக்கிறாங்க. அப்புறம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எடையைக் கணக்குப் போட டைட்டிலை எதுக்குப்பா பார்த்தாங்க?" இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விதான். ஒரு பெண்ணோட பேருக்கு முன்னாடி இருக்கிற டைட்டில், பேருக்குப் பின்னாடி இருக்கிற பேரு, பக்கத்துல நிக்கிற ஆள், இந்த மூணையும் பார்த்து ஏர்லைன் அவங்களைப் பத்தி என்னென்ன முடிவு பண்ணுது?

முதல்ல நான் எங்கேர்ந்து பேசுறேன்னு சொல்லிடுறேன். எனக்கு வேலை ஒரகடத்துல. பிளான்ட்ல லைன் ஏன் நின்னுச்சு, எந்த ஸ்டேஷன்ல எத்தனை செகண்ட் போகுதுன்னு கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர் டீம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால்னு இந்தப் பக்கம் வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹூண்டாய் 1998லேர்ந்து கார் பண்றாங்க. சாம்சங், ஃபாக்ஸ்கான், ராயல் என்ஃபீல்டு, டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ், லிஸ்ட் பெருசு. கொரியன் சாப்பாட்டுக் கடை போர்டைப் பார்த்தா இந்த ஊர்ல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இங்கேர்ந்து ஏர்போர்ட்டுக்குப் போறது இப்ப சாதாரணம். புனே, குர்கான், சியோல், தைபே. படப்பை, வண்டலூர், தாம்பரம் ட்ராஃபிக்கைத் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேர்றதுதான் பயணத்துலயே கஷ்டமான பகுதி. (பரந்தூர் ஏர்போர்ட் வந்தா பக்கம்தான். ஆனா 2022லேர்ந்து ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்துப் போராடிட்டு இருக்காங்க. அது தனி எபிசோடு, இன்னைக்கு வேண்டாம்.)

அப்படிப் போறவங்கள்ல இப்ப நிறையப் பெண்கள் இருக்காங்க. குவாலிட்டி, ப்ரொடக்‌ஷன் பிளானிங், சாஃப்ட்வேர். பெரும்பாலும் தனியாப் போறதில்ல. கூட ஒரு வெண்டர் இன்ஜினியர், ஒரு ட்ரெய்னி, ஒரு பாஸ்னு யாராவது இருப்பாங்க. அந்த யாராவது பெரும்பாலும் ஆண். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

பேரிலேர்ந்து போவோம். தமிழ்நாட்டுல நமக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். ஆனா ஏர்லைன் ஃபார்முக்கு லாஸ்ட் நேம் வேணும். அதனால அந்த இடத்துல அப்பா பேரோ, வீட்டுக்காரர் பேரோ போய் உட்காருது. கவிதா செல்வராஜ்னு ஒருத்தர் இருக்காங்கன்னு வச்சுக்குவோம். செல்வராஜ் அவங்க அப்பா. அவர் வீட்ல நிம்மதியா டிவி பார்த்துட்டு இருப்பார். இங்கே கேட்ல மைக்ல "மிஸ்டர் செல்வராஜ், லாஸ்ட் அண்ட் ஃபைனல் கால்"னு கூப்பிட்டுட்டு இருப்பாங்க. மெயில் வந்தா "டியர் மிஸ்டர் செல்வராஜ்". நம்மூர்ப் பெண்கள் பாதிப்பேர் ஏர்போர்ட்ல அப்பாவாத்தான் இருக்கோம்.

இதே ஒரு ஆணுக்கு நடந்தா அவரும் அப்பா பேர்லதான் கூப்பிடப்படுவார். ஆனா மிஸ்டர் மிஸ்டர்தானே, யாருக்கும் எதுவும் உறுத்தாது. பெண்ணுக்கு வரும்போது இது வேற மாதிரி ஆகுது. கூட வர்ற ஆணோட லாஸ்ட் நேமும் இவங்களோடதும் ஒத்துப்போகாதுன்னு ஸ்டாஃபுக்கு ஸ்கிரீன்லயே தெரியும். புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் நம்மூர்ல பேரு ஒத்துப்போகணும்னு இல்லையேன்னு அவங்களும் பழகியிருப்பாங்க. கடைசியில பேரை விட்டுட்டு ஆளைப் பார்த்து முடிவு பண்றாங்க. ஒரு ஆண், ஒரு பெண், ஒரே புக்கிங், கிட்டத்தட்ட ஒரே வயசு. முடிஞ்சது கதை, தம்பதி.

டைட்டில் ட்ராப்டவுனைப் பாருங்க. ஆணுக்கு ஒண்ணே ஒண்ணு. பெண்ணுக்கு மிஸ், மிஸஸ், எம்எஸ்னு மூணு. டிக்கெட் வாங்கும்போது எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு ஏர்லைன் கேட்குது. எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு, பிறந்த தேதி, பாலினம் எல்லாம் தேவைதான், அதுக்குத் தனித்தனி ஃபீல்டு இருக்கு. குழந்தையா இல்லையான்னு பிறந்த தேதியே சொல்லிடும். ஆனா பழைய ரிசர்வேஷன் சிஸ்டத்துல பேருக்குப் பின்னாடியே டைட்டிலை ஒட்டிப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பர்மிங்ஹாம்ல 1,244 கிலோவைத் தின்னுச்சு.

இந்த சிஸ்டத்தோட வரலாறே சுவாரஸ்யமானது. 1953ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும், ஐபிஎம் சேல்ஸ் ஆள் ஒருத்தரும் ஒரே விமானத்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. அந்த சேல்ஸ் ஆள் பேரும் ஸ்மித்துதான், பிளேர் ஸ்மித். அந்தப் பேச்சுலேர்ந்து வளர்ந்ததுதான் சேபர். உலகத்தோட முதல் பெரிய கம்ப்யூட்டர் டிக்கெட் சிஸ்டம். 1960கள்ல ஓட ஆரம்பிச்சு, இன்னைக்கும் பேரு மாறாம இருக்கு. ரெண்டு ஸ்மித், ஒரே லாஸ்ட் நேம், ஒரே வரிசை. அவங்களை யாரும் தம்பதின்னு நினைச்சிருக்க மாட்டாங்க.

அந்தக் காலத்துலேர்ந்து வர்ற ஒரு விஷயம் பிஎன்ஆர். ஆறு எழுத்து நம்பர்னு நாம நினைக்கிறோம். அது உண்மையில ஒரு ரெக்கார்டு. அதுல பயணிகள் பேரு, எந்த விமானம், தொடர்பு நம்பர், டிக்கெட் விவரம் எல்லாம் இருக்கும். ஒரு ரெக்கார்டுல பல பேர் இருக்கலாம். தொடர்பு நம்பர் பல சமயம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். இந்த 'பல பேர், ஒரு நம்பர்'ங்கிற டிசைனை மனசுல வச்சுக்கங்க.

இப்ப எனக்கு நடந்தது. எந்த ஏர்லைன்னு சொல்லப்போறதில்ல. கேட்டு மெசேஜ் போடாதீங்க, ப்ளீஸ்.

புனே பக்கம் சாக்கன்ல ஒரு வெண்டர் பிளான்ட். ரெண்டு நாள் வேலை. நானும் எங்க டீம் ட்ரெய்னியும் போனோம். அவர் காலேஜ் முடிச்சு சேர்ந்து ஏழு மாசம். அதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம். போகும்போது ஜன்னல் சீட்ல உட்கார்ந்து மேகத்தை வீடியோ எடுத்துட்டே வந்தார். கம்பெனி ட்ராவல் டெஸ்க் ரெண்டு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்ல டிக்கெட் போட்டிருந்தாங்க. திரும்பி வர்ற விமானம் ராத்திரி 9.45. எட்டரை மணிக்கு போர்டுல டிலேன்னு வந்துச்சு. பத்தேகாலுக்கு, டெக்னிக்கல் பிரச்சினை, நாளைக்குக் காலையில 6.30னு சொன்னாங்க.

கவுண்ட்டர்ல வரிசை. எங்க முறை வந்துச்சு. நான் முன்னாடி நிக்கிறேன், என் ஐடி கார்டு கையில, ரெண்டு போர்டிங் பாஸும் என் ஃபோன்ல. ட்ரெய்னி எனக்குப் பின்னாடி, பையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு. கவுண்ட்டர்ல இருந்தவர் என் தோளுக்கு மேல பார்த்து அவர்கிட்ட பேச ஆரம்பிச்சார். "சார், ஹோட்டல் ஏற்பாடு பண்ணிட்டோம். உங்களுக்கும் மேடத்துக்கும் ஒரு ரூம்."

ட்ரெய்னி மூஞ்சியைப் பார்க்கணுமே. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம். அப்ரைசல் வேற என் கையில.

அவர்தான் முதல்ல சொன்னார், "சார், அவங்க என் மேனேஜர்"னு. கவுண்ட்டர்ல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "பரவாயில்ல சார், ட்வின் பெட் கேட்டுப் பார்க்கிறேன்"ன்னார். நான் சொன்னேன், ரெண்டு பயணி, ரெண்டு டிக்கெட், ரெண்டு ரூம் வேணும்னு. அதுக்கும் பதில் அவரைப் பார்த்துத்தான் வந்துச்சு. "சார், சிஸ்டம்ல ஒரு பிஎன்ஆருக்கு ஒரு ரூம்தான் காட்டுது. நீங்க கொஞ்சம் மேடத்துக்குப் புரிய வைங்க."

அவர் ஒரு தடவைகூட மரியாதை இல்லாமப் பேசலங்கிறதையும் சொல்லணும். சார், மேடம், ப்ளீஸ், எல்லாமே இருந்துச்சு. எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவருக்கு வீல்சேர் வரலைன்னு அவரே ஓடிப்போய்த் தள்ளிட்டு வந்தார். மோசமான ஆள் இல்ல. ஆனா நாற்பது நிமிஷம் நான் பேசினேன், அவர் பக்கத்துல இருந்தவருக்குப் பதில் சொன்னார். பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தாங்க, ஒரு பெண். நிலைமையைக் கேட்டாங்க. "புக்கிங்கைப் பிரிச்சுடு"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு நிமிஷத்துல ஒரு பிஎன்ஆர் ரெண்டாச்சு, ரெண்டு ரூம் வந்துச்சு.

ரெண்டு நிமிஷ வேலைக்கு நாற்பது நிமிஷம் ஆனதுக்குக் காரணம் என்ன? சிஸ்டம்ல வழி இருந்துச்சு. பிஎன்ஆரைப் பிரிக்கிறது ரிசர்வேஷன் சிஸ்டத்துல ரொம்பப் பழைய, சாதாரண கமாண்ட். ஆனா அதை யோசிக்கிறதுக்கு, எதிர்ல நிக்கிறது ரெண்டு கஸ்டமர்னு முதல்ல தோணணும். அவருக்குத் தெரிஞ்சது ஒரு கஸ்டமர், கூட ஒரு மேடம். சிஸ்டமும் ஒரு நம்பர்தான் காட்டுது. மனுஷன் நினைக்கிறதும் ஸ்கிரீன் காட்டுறதும் ஒண்ணா இருக்கும்போது சந்தேகம் எப்படி வரும்?

இந்த இடத்துல விதி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தாமதத்துக்கும் ரத்துக்கும் தனியா விதி வச்சிருக்கு. ராத்திரி 8 மணிக்கும் விடியக்காலை 3 மணிக்கும் நடுவுல கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல தாமதமானா, ஹோட்டல் தங்கல் கொடுக்கணும். புயல், கலவரம் மாதிரி ஏர்லைன் கையில இல்லாத காரணத்துக்கு விலக்கு உண்டு. விதி முழுக்க 'பயணி'ன்னுதான் பேசுது. பிஎன்ஆருக்கு இவ்வளவுன்னு எங்கேயும் பேசல.

அதே விதியில இன்னொரு விஷயம் இருக்கு, இதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். விமானம் ரத்தாகி, நேரத்தோட தகவல் சொல்லலைன்னா, ஏர்லைன் இழப்பீடு கொடுக்கணும். ஒரு மணி நேரம் வரைக்கும் பறக்கிற விமானத்துக்கு 5,000 ரூபாய், ரெண்டு மணி நேரம் வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000. இல்லேன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து எவ்வளவோ அது. ரெண்டுல எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆனா புக்கிங்ல சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாதுன்னும் அதுல இருக்கு.

அதாவது அந்த ஒரு நம்பர் யாரோடதுங்கிறது வெறும் எஸ்எம்எஸ் விஷயம் இல்ல. குடும்பமாப் போறப்ப அது பெரும்பாலும் வீட்டு ஆம்பளை நம்பர். ஆபீஸ்ல ட்ராவல் டெஸ்க் நம்பர். விமானம் ரத்தாச்சுன்னு மெசேஜ் அங்கே போகும். ரீஃபண்ட் யார் கார்டுல பணம் கட்டினாங்களோ அங்கே போகும். பிஎன்ஆரும் லாஸ்ட் நேமும் தெரிஞ்சா பெரும்பாலான ஏர்லைன் சைட்ல புக்கிங்கையே திறந்துடலாம். சீட்டை மாத்தலாம், தேதியை மாத்தலாம், ரத்தும் பண்ணலாம். சந்தோஷமான குடும்பத்துல இது வசதி. சண்டை போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புற ஒரு பெண்ணோட திரும்பி வர்ற டிக்கெட் புருஷனோட பிஎன்ஆர்ல இருந்தா? அவங்க நகர்றதுக்கான சாவி இன்னொருத்தர் ஃபோன்ல இருக்கு. 'ஃபேமிலி புக்கிங்'னு அழகா ஐகான் டிசைன் பண்ற நாம இதை ஒரு யூஸ் கேஸா எழுதினதே இல்ல.

இது ரொம்ப மிகைப்படுத்துற மாதிரி இருக்கேன்னு யாராவது நினைச்சா, சென்னையிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்றேன். கல்யாணமான ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறாங்க. விவாகரத்து வழக்கு நடந்துட்டு இருக்கு. பாஸ்போர்ட் அலுவலகம் கணவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொல்லுது. யார்கூட வழக்கு நடக்குதோ அவர்கிட்டயே. அவங்க உயர் நீதிமன்றம் போனாங்க. 2025 ஜூன்ல நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொன்னார். பாஸ்போர்ட் வாங்க மனைவிக்குக் கணவரோட அனுமதி தேவையில்ல, கல்யாணம் ஆனதால ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துடுறதில்ல, மனைவியைக் கணவனோட உடைமையாப் பார்க்கிற மனநிலைதான் இதுன்னு கடுமையாவே சொன்னார். இத்தனைக்கும் 2016 டிசம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தி, கல்யாணச் சான்றிதழ் வேண்டாம், அப்பா அம்மால ஒருத்தர் பேரு போதும்னு அறிவிச்சிருந்துச்சு. விதி மாறி எட்டு வருஷம் ஆகியும் கவுண்ட்டர்ல இன்னும் புருஷன் எங்கேன்னு கேட்கிறாங்க.

நம்ம ஏரியாவுலயே இதோட இன்னொரு முகத்தைப் பார்த்தோம். 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில அசெம்பிளி வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுக்கிறதில்லைன்னு. வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் சொன்ன காரணங்கள் குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், தாலி மெட்டி மாதிரி நகை. ஃபாக்ஸ்கான் பாகுபாடு இல்லைன்னு மறுத்தாங்க. புதுசா எடுத்தவங்கள்ல நாலுல ஒரு பங்கு கல்யாணமானவங்கன்னு கணக்கும் சொன்னாங்க. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 படுக்கை வசதியோட பெண் தொழிலாளர்களுக்கான பெரிய விடுதியை முதலமைச்சர் திறந்து வச்சார். அவ்வளவு பெண்கள் தனியா வந்து சம்பாதிக்கிற ஊர் இது. ஆனா கேட்ல, ஃபார்ம்ல, கவுண்ட்டர்ல முதல் கேள்வி யாரோட சேர்ந்த பொண்ணுங்கிறதுதான். வேலைக்கு வந்தா, புருஷன் இருக்கார், அதனால வேண்டாம். விமானத்துக்குப் போனா, பக்கத்துல ஒரு ஆண் இருக்கார், அதனால புருஷன்.

ஏர்லைன்கள் எதுவுமே பண்ணலன்னு சொல்ல முடியாது. 2024 மே மாசம் இண்டிகோ ஒரு வசதி கொண்டுவந்தாங்க. வெப் செக்-இன்ல சீட் எடுக்கும்போது, எந்த சீட்டெல்லாம் பெண்கள் எடுத்திருக்காங்கன்னு பெண் பயணிகளுக்கு மட்டும் காட்டும். பக்கத்துல ஒரு பெண் இருக்கிற சீட்டா பார்த்து எடுத்துக்கலாம். நல்ல விஷயம்தான், ராத்திரி விமானத்துல அதோட அருமை தெரியும். ஆனா அறிவிக்கும்போது அவங்க சொன்னது தனியாப் போற பெண்கள், குடும்ப புக்கிங்ல இருக்கிற பெண்கள். இந்த ரெண்டு வகைதான் எல்லா ஏர்லைன் மண்டையிலும் இருக்கு. தனியாப் போனா பாதுகாக்கணும், சேர்ந்து போனா கூட இருக்கிறவர் பார்த்துக்குவார். ட்ரெய்னியைக் கூட்டிட்டுப் போற மேனேஜர், கிளையண்ட்டோட போற கன்சல்டண்ட், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மகள், இவங்க எந்த வகை? ஒருத்தங்க அனுப்பின வாய்ஸ் நோட் ஞாபகம் வருது. பைபாஸ் முடிஞ்ச அப்பாவை வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டுப் போறாங்க. ஸ்டாஃப் குனிஞ்சு அப்பாகிட்ட கேட்கிறாங்களாம், "சார், பேக்கேஜ் எத்தனை?" அவர் மயக்க மருந்து தெளிஞ்சு நாலு நாள்தான் ஆச்சு. பாவம், விரலை எண்ணிப் பார்த்திருக்கார்.

சரி, என்ன பண்ணலாம்? ரெண்டு கூட்டத்துக்குச் சொல்றேன்.

முதல்ல பயணம் பண்றவங்களுக்கு. ஆபீஸ் பயணம்னா தனித்தனி பிஎன்ஆர் கேளுங்க. விலை பெரும்பாலும் மாறாது. கூட்டமான விமானத்துல சில சமயம் உண்மையிலேயே தனித்தனியா போட்டா குறைஞ்ச விலையில சீட் கிடைக்கும். ஏன்னா சேர்த்துக் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே விலை வகுப்புல சீட் இருந்தாத்தான் சிஸ்டம் அந்த விலையைக் கொடுக்கும். ஏற்கெனவே சேர்த்துப் போட்டிருந்தா, "பிஎன்ஆரைப் பிரிச்சுக் கொடுங்க"ன்னு கேளுங்க, அந்த வார்த்தையையே சொல்லுங்க. ஏர்லைன் ஆப்ல உள்ளே போய் உங்க நம்பரைச் சேருங்க, டிக்கெட் யார் போட்டிருந்தாலும் சரி. ஏதாவது தகராறுன்னா கவுண்ட்டர்ல நிக்கும்போதே ஏர்லைனுக்கு ஒரு மெயில் தட்டிடுங்க. நேரம் பதிவாகும். அங்கே நகரலைன்னா ஏர்சேவா இருக்கு, 2016லேர்ந்து விமானத் துறை அமைச்சகம் நடத்துற புகார் தளம். போர்டிங் பாஸை இன்ஸ்டால போடாதீங்கன்னு நான் சொல்லணுமா? பிஎன்ஆர், லாஸ்ட் நேம் ரெண்டும் அதுலயேதான் இருக்கு.

கூடப் போற ஆண்களுக்கும் ஒண்ணு. எங்க ட்ரெய்னி பண்ணினது ரொம்பச் சரி. "அவங்க என் மேனேஜர்"னு ஒரு தடவை சொன்னார். அப்புறம் கவுண்ட்டர்ல இருந்தவர் தன்னைப் பார்த்துப் பேசும்போதெல்லாம், அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பதிலே சொல்லல. அந்த ஸ்டாஃப் கண்ணு வேற வழியில்லாம என் பக்கம் வந்துச்சு. சண்டை போட வேண்டாம், வீர வசனம் வேண்டாம். பதில் சொல்லாம இருந்தாலே போதும்.

ரெண்டாவது கூட்டம், கோடு எழுதுற நம்ம ஆளுங்க. புக்கிங் சிஸ்டம்தான்னு இல்ல, ஹோட்டல், ஆஸ்பத்திரி, பஸ், ஹாஸ்டல், எதை எழுதினாலும் சரி. 'ப்ரைமரி'ன்னு ஒரு ஃபீல்டு வச்சா, அதை யார் நிரப்பப் போறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. வரிசையில முதல்ல இருக்கிற பேரா, பணம் கட்டினவரா, இல்ல ஆணா? தொடர்பு நம்பரை புக்கிங்ல வைக்காதீங்க, ஆள்ல வைங்க. ரூம், சாப்பாடு, வவுச்சர் எல்லாத்தையும் தலைக்கு எண்ணுங்க. ஒரே ரூம் போதும்னு அவங்களே சொன்னா சேர்க்கிறது சுலபம், பிரிக்கச் சொல்லிக் கெஞ்சுறது கஷ்டம். டைட்டில் ஃபீல்டை எடுத்துடுங்க. எடுக்க முடியலைன்னா, குறைஞ்சபட்சம் அதை வச்சு எந்தக் கணக்கும் போடாதீங்க. வயசுக்குப் பிறந்த தேதி இருக்கு. டெஸ்ட் கேஸ் எழுதும்போது எப்பவும் 'ஜான், அவன் மனைவி, ரெண்டு குழந்தை'ன்னே எழுதாம, லாஸ்ட் நேம் ஒத்துப்போகாத ரெண்டு பேரைப் போடுங்க. லாஸ்ட் நேமே இல்லாத ஒருத்தரைப் போடுங்க. தமிழ்நாடே அப்படித்தான் இருக்கு.

புனேலேர்ந்து வந்த வாரம் எங்க ட்ராவல் டெஸ்க்குக்கு ஒரு மெயில் போட்டேன். திட்டி இல்ல, ஒரு ஃபார்ம் மாத்தச் சொல்லி. அவங்க ஷீட்ல 'தொடர்பு எண்'னு ஒரே காலம்தான் இருந்துச்சு, இப்ப ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு இருக்கு. சேர்ந்து போறவங்களுக்கும் தனி பிஎன்ஆர்தான் போடுறாங்க. ரூமுக்கும் தனி வரி. டைட்டில் காலம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. கேட்டா, "அது ஏஜெண்ட் சைட்ல கட்டாயம் மேடம், காலியா விட்டா சப்மிட் ஆகாது"ன்னாங்க. அந்த ஏஜெண்ட் சைட்டை எழுதினவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, மெயில் ஐடி டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்.